பதினெட்டு மீட்டரில் ஒரு புளியமரம்

செல்வமேரியின் வீட்டில் இரண்டு பக்கெட் உண்டு. நீலப் பக்கெட்டில் அவள் கணவன் அந்தோணியின் சட்டைகள் ஊறும். அவன் புனேயில், வானவடியில் ராணுவ வொர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். நாள் முழுக்க இரும்போடு மல்லுக்கட்டுகிறவன். அவன் சட்டையை உதறினால் உதிர்வதைக் காந்தம் வைத்துப் பொறுக்கலாம். பச்சைப் பக்கெட் செல்வமேரியுடையது. இந்தப் பக்கெட் துணியும் அந்தப் பக்கெட் துணியும் ஒரு நாளும் சேரக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். எதிர்வீட்டுக்குக் குடிவந்த பெண் இதைக் கவனித்துவிட்டு, புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சுவார்த்தை இல்லையோ என்று நாலு வீட்டில் விசாரித்துவிட்டாள்.

பேச்சுவார்த்தையெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. விஷயம் செல்வமேரியின் வேலையில் இருந்தது. புனேயிலிருந்து சாஸ்வட் போகும் சாலையில், திவே காட் மலையடிவாரத்தில், பூமியின் காந்தத்தை அளக்கும் ஆய்வகம் ஒன்றில் அவள் இருபத்திரண்டு வருஷமாக அளவெடுக்கிறாள். வளாகத்தின் கடைசியில் ஒரு சிறிய வீடு. அந்த ஊர்க் கருங்கல்லிலேயே காந்தம் ஒளிந்திருக்கும் என்பதால் வெளியூரிலிருந்து மணற்கல் வரவழைத்துக் கட்டியது. கதவுக்குப் பித்தளைக் கீல், கூரைக்குச் செம்பு ஆணி. இரும்பு என்று ஒரு குண்டூசிகூட உள்ளே கிடையாது. போகிறவர்களிடமும் இருக்கக்கூடாது. செல்வமேரியின் ரவிக்கைக்கு ஊக்கு இல்லை, நாடாதான். தலைக்கு ரிப்பன். செருப்பு தைத்தது, ஆணி அடித்ததில்லை. கழுத்தில் தாலி மட்டும் இருக்கலாம். பூமிக்குத் தங்கத்தின்மேல் எந்த ஆசையும் கிடையாது.

அந்த வீட்டுக்குள் இருக்கும் கருவி நொடிக்கொரு தடவை பூமியின் காந்தத்தை அளந்து ஆபீஸ் திரையில் கோடாகப் போடும். காலையில் வெயில் ஏற ஏற, வானத்தில் நூறு கிலோமீட்டருக்கு மேலே அயனி மண்டலத்தில் மின்சாரம் ஓட ஆரம்பிக்கும். அதோடு சேர்ந்து கோடும் ஏறி, உச்சிப்பொழுதில் ஒரு மேடு கட்டி, சாயங்காலம் இறங்கிவிடும். சூரியனில் ஏதாவது கலாட்டா என்றால் கோடு பித்துப் பிடித்து ஆடும். வருஷ முடிவில் எல்லா எண்களும் வெளிநாட்டில் உள்ள ஒரு சர்வதேசக் கமிட்டிக்குப் போகும். அவர்கள் சல்லடை போட்டுச் சலித்து, சரி என்றால் ஏற்றுக்கொள்வார்கள். முப்பத்தொரு வருஷமாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் ஒரு வருஷம் தவறினாலும் சங்கிலி அறுந்தது அறுந்ததுதான், பின்னால் யாராலும் ஒட்டவைக்க முடியாது. செல்வமேரிக்கு அந்தக் கோட்டின்மேல் உயிர். லீவு நாளில்கூட ஃபோனில் அதை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் காபி குடிப்பாள்.

மார்ச் மாதம் டாக்டர் கோகுல்நாத் இயக்குநராக வந்தார். கூடுதல் பொறுப்பில் வந்தார். கூடுதல் பொறுப்பு என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஏற்கெனவே செய்யாத ஒரு வேலையோடு இன்னொரு வேலையையும் செய்யாமல் இருப்பது. சென்னைக்காரர், புனேயின் இன்னொரு கோடியில், வாகடில், பன்னிரண்டாவது மாடியில் ஃபிளாட். இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்பதில் டாக்டர் பட்டம் வாங்கியவர். இரும்பே கூடாத இடத்துக்கு அப்பேர்ப்பட்டவரை அனுப்ப எப்படித் தோன்றியது என்பது மேலிடத்துக்கே வெளிச்சம்.

வளாகத்தின் விதி, எந்த வண்டியும் வெளிகேட்டைத் தாண்டக்கூடாது. அங்கிருந்து ஆபீசுக்கு நானூறு மீட்டர் நடை. செல்வமேரியும் ஸ்கூட்டியை அங்கேதான் விடுவாள். முதல் நாள் கேட்டில் இருந்த முகமது ரஃபீக், வாணியம்பாடிக்காரன், பயபக்தியோடு கையை நீட்டி இயக்குநரின் வெள்ளை எஸ்.யு.வி.யை நிறுத்தினான். மறுநாள் அவனுக்கு மெமோ வந்தது. மேலதிகாரியைப் பொதுவெளியில் நடக்கவைக்க முயன்றதற்கு மூன்று நாளில் விளக்கம் தர வேண்டுமாம். அதற்கு அடுத்த நாளிலிருந்து வண்டி உள்ளே போனது. டிரைவர் சூர்யா அவரை ஆபீஸ் வாசலில் இறக்கிவிட்டு, சீட் சூடாகக்கூடாது என்ற உத்தரவுப்படி நிழல் தேடிப் போவான். வளாகத்தில் நல்ல நிழல் என்றால் ஒரே ஒரு புளியமரம். அது காந்தவீட்டுக்குப் பதினெட்டு மீட்டர் தூரத்தில் நின்றது.

அன்றைக்குக் கோடு வழக்கம்போல வழவழவென்று ஏறிக்கொண்டிருந்தது. பதினொன்று நாற்பத்திரண்டுக்குத் திடீரென்று ஒரு படி ஏறியது. ஒன்பது நானோடெஸ்லா. மூன்று மணி எட்டு நிமிஷத்துக்கு அதே அளவு இறங்கியது. செல்வமேரி ஜன்னல் வழியாகப் பார்த்தாள், மரத்தடியிலிருந்து வண்டி கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. பதிவேட்டை எடுத்து ஆரம்ப நேரம், முடிந்த நேரம், அளவு எல்லாவற்றையும் நொடி சுத்தமாக எழுதி, 'காரணம்' என்ற கட்டத்தில் 'வாகனம்' என்று எழுதினாள். பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு போய் மரத்துக்கும் வீட்டுக்கும் நடுவே அளந்தாள். பத்து நாள் பார்த்துவிட்டு, ஏப்ரல் முதல் வாரத்தில் இயக்குநர் அறைக்குப் போனாள்.

"சார், உங்க வண்டி புளியமரத்தடியில நிக்குது. கோட்டுல ஒன்பது நானோ ஏறுது சார்."

"பூமியோட மொத்தம் எவ்ளோம்மா?"

"நாப்பத்து மூவாயிரம் கிட்டத்தட்ட, சார்."

"நாப்பத்து மூவாயிரத்துல ஒன்பது!" கோகுல்நாத் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "என் பி.பி. இதைவிட அதிகமா ஏறி இறங்குதும்மா. பூமிக்கு இதெல்லாம் ஒரு மேட்டரா?"

"ஒரு வருஷம் முழுக்க பூமி மாறுறதே முப்பது நாப்பதுதான் சார். அதைப் பார்க்கத்தான் நாம இங்க உக்காந்திருக்கோம்."

"அப்ப என் வண்டி பூமியைக் கால்வாசி ஆட்டுதுன்னு சொல்றீங்க. பரவாயில்லையே!"

அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். மறுநாள் சுற்றறிக்கை வந்தது. உரிய விசாரணை முடியும்வரை பதிவேட்டில் 'வாகனம்' என்ற சொல்லை யாரும் பயன்படுத்தக்கூடாது, 'காரணம் அறியப்படவில்லை' என்றே எழுத வேண்டும். அதுவரை எழுதியிருந்த 'வாகன'ங்களையும் அவரே சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் சுருக்கக் கையெழுத்துப் போட்டார். விசாரணையை நடத்த வேண்டியவரும் அவர்தான் என்பதால் அது ஆரம்பிக்கவே இல்லை.

செல்வமேரி சுற்றறிக்கைக்குக் கீழ்ப்படிந்தாள். தினமும் 'காரணம் அறியப்படவில்லை' என்று எழுதினாள். ஆனால் மணியை எழுதக்கூடாது என்று அந்தச் சுற்றறிக்கையில் எங்கும் இல்லை. அதனால் ஆரம்பமும் முடிவும் நொடி சுத்தமாக ஏறிக்கொண்டே இருந்தன.

"அக்கா, டைரக்டருக்கு கேட் ரெஜிஸ்டர் கிடையாதாம்," என்றான் ரஃபீக் ஒரு நாள். "அவர் எப்ப வரார், எப்ப போறார்னு நான் எழுதக்கூடாதுன்னு ஆர்டர். கைரேகை மெஷின்லேருந்தும் அவருக்கு விலக்காம். உங்க மெஷினுக்கு மட்டும் யாரும் ஆர்டர் போடல போல."

வளாகத்தில் எல்லாருக்கும் இது தெரியும். தோட்டக்காரனுக்குத் தெரியும், டீ கொண்டுவருகிறவனுக்குத் தெரியும். ஏப்ரலில் சொன்னதை அன்றைக்கே மறந்துவிட்ட ஒருவருக்குத்தான் தெரியாது. அவரிடம் சொல்ல இன்னொரு தடவை யாருக்கும் தைரியம் வரவில்லை.

செப்டம்பரில் மலைக்கு அந்தப் பக்கம் எங்கோ பூமி லேசாக நடுங்கியது. ஒரு ஓடுகூட விழவில்லை, சில வீடுகளில் பாத்திரம் கலகலத்ததோடு சரி. ஆனால் ஒரு பத்திரிகைக்காரர் ஆய்வகத்துக்கு ஃபோன் செய்து, உங்கள் கருவியில் ஏதாவது தெரிந்ததா என்று கேட்டுவிட்டார். கோகுல்நாத் பதிவேட்டை வரவழைத்து, வாழ்க்கையில் முதல் தடவையாக அதில் இருந்த எண்களைப் படித்தார். நடுக்கம் வந்தது மத்தியானம் ஒன்றரை மணி. அன்றைக்குப் பதினொன்று ஐம்பதுக்கு ஒன்பது நானோ ஏறியிருந்தது. காரணம் அறியப்படவில்லை! முந்தின நாளும் ஏறியிருந்தது. அதற்கு முந்தின நாளும்! மாதக்கணக்காகப் பூமி ஏதோ சொல்லத் துடித்துக்கொண்டிருக்கிறது, இந்த ஆய்வகத்தில் அதைக் காதுகொடுத்துக் கேட்க ஒருவரும் இல்லையே என்று அவருக்கு நெஞ்சு கனத்தது.

அந்த வாரமே பத்திரிகையாளர் சந்திப்பு நடந்தது. பூகம்பத்துக்கு முன்னால் தோன்றும் காந்த அறிகுறியைக் கண்டுபிடித்துவிட்டதாகவும், அதற்குத் தன் பெயர் வைக்கலாம் என்று நண்பர்கள் வற்புறுத்துவதாகவும் கோகுல்நாத் சொன்னார். எந்த நண்பர்கள் என்று சொல்லவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு பெண் நிருபர், "ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த அறிகுறி ஒரு தடவைகூட வரவில்லையே, ஏன்?" என்று கேட்டார். சாகண் தொழிற்சாலைகள் ஞாயிறன்று மூடியிருப்பதால் பூமிக்குள் மின்னோட்டம் மாறிவிடுகிறது என்று கோகுல்நாத் யோசிக்காமல் பதில் சொன்னார்.

"சாகண்ல வியாழக்கிழமைதானே லீவு," என்று பின்னால் நின்ற ரஃபீக் செல்வமேரியின் காதில் முணுமுணுத்தான். "என் மச்சான் அங்கதான் பத்து வருஷமா இருக்கான்."

இதுவரைக்கும் செல்வமேரிக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. அக்டோபரில் வரைபடம் வந்தபோது சிரிப்பு நின்றது. கோகுல்நாத் தன் கண்டுபிடிப்புக்கு ஒரு மாளிகை கேட்டிருந்தார். பூகம்ப முன்னறிவிப்பு மையம், மூன்று மாடி, கம்பியும் கான்கிரீட்டும். இடம், காந்தவீட்டுக்கு இருபது மீட்டர் தள்ளி. அந்த அறிகுறி மிக நன்றாகத் தெரிகிற இடம் அதுதான் என்று காரணமும் எழுதியிருந்தார். புளியமரம் போய்விடும், அது வேறு. அத்தனை டன் இரும்பு பக்கத்தில் எழும்பினால் காந்தவீடு அளக்கப்போவது அந்தக் கட்டிடத்தைத்தான். முப்பத்தொரு வருஷக் கோடு அதோடு முடிந்தது. டெல்லியிலிருந்து ஒரு நிபுணர் கமிட்டி நவம்பரில் வந்து பார்த்துத் தலையாட்டினால் மறுமாதம் அஸ்திவாரம்.

அன்று சாயங்காலம் துணி துவைத்துக்கொண்டே அந்தோணியிடம் சொன்னாள்.

"நேராப் போயி சொல்லிடு," என்றான் அவன். "யோவ், அது உன் வண்டிதான்யான்னு."

"ஏப்ரல்லயே சொல்லிட்டனே."

"எழுதிக் குடு. டெல்லிக்கே எழுது."

"எழுதினா முறையான வழியில அனுப்பணுங்க. முறையான வழி அவரு மேஜை மேலதான் போவுது. அங்கியே நின்னுடும். அப்புறம் என்னை அந்தமான் ஸ்டேஷனுக்குத் தூக்கி அடிப்பாரு."

"அந்தமான்ல போடற சட்டையைத் தனியா துவைக்க வேணாம், நான் இங்க இருப்பேன்," என்று அந்தோணி வேடிக்கைக்குச் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. கையில் பிழிந்துகொண்டிருந்த துணியைப் பக்கெட்டிலேயே போட்டுவிட்டு அழுதாள். "அந்த வீட்டுக்குள்ள ஒரு ஊசி எடுத்துட்டுப் போனதில்லங்க நான். இருபத்திரண்டு வருஷம். மூணு மாடி இரும்பைக் கொண்டாந்து வெக்கறாங்களே." அந்தோணி எழுந்தான். கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினான். ஈரத்தைத் துண்டில் துடைத்துக்கொண்டு, பச்சைப் பக்கெட்டைத் தூக்கிப்போய் மொட்டைமாடியில் அவள் துணிகளை ஒவ்வொன்றாகக் காயப்போட்டான்.

கமிட்டி வருவதற்கு முன்னால் டெல்லியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இதுவரை நிகழ்ந்த எல்லா அறிகுறிகளின் ஆரம்பமும் முடிவும் அடங்கிய பட்டியல் ஒன்று, ஆய்வகத் தலைவரின் கையெழுத்தோடு வேண்டும். கோகுல்நாத் செல்வமேரியைக் கூப்பிட்டார்.

"ஒரு செகண்ட்கூட மாறக்கூடாது. பதிவேட்டுல இருக்கற மாதிரியே வேணும்."

"சரி சார். அதுல இருக்கற மாதிரியே வரும்."

இரண்டு நாள் உட்கார்ந்து தயார் செய்தாள். நூற்றுப் பன்னிரண்டு வரிசை வந்தது. முடித்துவிட்டு முதலிலிருந்து படித்தபோதுதான் கையில் இருப்பது என்ன என்று அவளுக்கு விளங்கியது. ஒரே ஒரு நாளைத் தவிர எந்த அறிகுறியும் பதினொன்றரைக்கு முன்னால் ஆரம்பிக்கவில்லை. எதுவும் மூன்றரையைத் தாண்டவில்லை. ஜூன் பத்திலிருந்து பத்தொன்பதுவரை பூமி அசையவே இல்லை. பிள்ளையாரைக் கரைக்கிற நாளிலும் இல்லை. அந்த ஒரே நாள் ஆகஸ்ட் பதினைந்து: காலை ஏழு நாற்பத்தெட்டுக்கு ஏறி ஒன்பது இருபத்தொன்றுக்கு இறங்கியிருந்தது. கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடிகிற நேரம் சரியாக அவ்வளவுதான்.

செல்வமேரி வஞ்சகம் தெரியாதவள். பட்டியலை எடுத்துக்கொண்டு போய், "சார், கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அந்த நேரத்தை மட்டும் ஒரு தடவை பார்த்துடுங்க சார்," என்றாள்.

கோகுல்நாத் அவளை ஏற இறங்கப் பார்த்தார். எத்தனையோ ஆபீஸ் பார்த்தவர். கண்டுபிடிப்பு என்று வந்துவிட்டால் பங்குக்கு எப்படியெல்லாம் வருவார்கள் என்று அவருக்குத் தெரியாதா?

"நேரத்தைக் குறிச்சது நான்தான்னு ஞாபகப்படுத்தறீங்க. அதானே?"

"அய்யோ, அது இல்ல சார்..."

"புரியுதும்மா, புரியுது." அவர் பட்டியலை வாங்கி வைத்துக்கொண்டார். சாயங்காலம் அது திரும்பி வந்தபோது ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்பும் இருந்தன. யாரும் பங்கு கேட்க முடியாதபடி கடைசிப் பக்கத்தில் தன் கைப்பட ஒரு சான்றிதழும் எழுதியிருந்தார்: 'மேற்கண்ட நூற்றுப் பன்னிரண்டு நிகழ்வுகளின்போதும் நான் நேரில் வளாகத்தில் இருந்தேன் என்றும், நான் இல்லாத வேறெந்த நேரத்திலும் இந்நிகழ்வு காணப்படவில்லை என்றும் இதன்மூலம் உறுதியளிக்கிறேன்.'

செல்வமேரி அதை மூன்று தடவை படித்தாள். ஏப்ரலில் ஒரு தடவை சொன்னாள், இன்றைக்கு ஒரு தடவை சொன்னாள். மூன்றாவது தடவை சொல்லித்தான் ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. உறையில் போட்டு ஒட்டினாள்.

நவம்பர் மாதம் ஒரு புதன்கிழமை கமிட்டி வந்தது. தலைவர் டாக்டர் ஸ்ரீரஞ்சனி, டெல்லியிலேயே தலை நரைத்துப்போன தமிழ்ப் பெண்மணி. கூட இரண்டு பேர். மரியாதை குறையக்கூடாது என்று கோகுல்நாத் தானே விமான நிலையம் போய், வாடகை வேனில் அவர்களை அழைத்துவந்தார். போர்த்தவேண்டிய சால்வைகளை வாகட் வீட்டிலேயே மறந்துவைத்துவிட்டதால், சூர்யாவை எஸ்.யு.வி.யோடு அங்கே துரத்தியிருந்தார். வாகடிலிருந்து திவே காட் வரைக்கும் அந்த டிராஃபிக்கில் வருவதென்றால் அது ஒரு யாத்திரை.

வேனை ரஃபீக் கேட்டில் நிறுத்தினான். கோகுல்நாத் அவனை முறைப்பதற்குள் ஸ்ரீரஞ்சனி இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டார். காந்தவீட்டைப் பார்க்கப் போனபோது, 'இதற்கு மேல் இரும்பு கூடாது' என்ற மரப்பலகை அருகே நின்று, யாரும் சொல்லாமலே கொண்டையிலிருந்து நாலு ஹேர்பின்னை உருவிக் கைப்பையில் போட்டு, பையை அங்கேயே வைத்தார். செல்வமேரி அந்தக் கைப்பையையே பார்த்தாள். விவரம் தெரிந்தவர் ஒருவர் வந்துவிட்டார்.

பதினொன்றரைக்கு எல்லாரும் ஆபீஸ் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். கோகுல்நாத் கையில் குச்சியோடு நின்றார். "இன்னும் கொஞ்ச நேரத்தில் நீங்களே கண்ணால் பார்க்கலாம்," என்றார். பதினொன்று நாற்பது ஆயிற்று, ஐம்பது ஆயிற்று. கோடு குளத்துத் தண்ணீர் மாதிரி வழவழவென்று போய்க்கொண்டிருந்தது. கூட வந்த இருவரும் புனேப் பலகாரமான பாகர்வடியை ஒரு தட்டு முடித்துவிட்டு இரண்டாவது தட்டைப் பார்த்தார்கள். பன்னிரண்டேகாலுக்கு, பூமி இன்றைக்குக் கொஞ்சம் கூச்சப்படுகிறது என்று கோகுல்நாத் சொன்னார்.

ஸ்ரீரஞ்சனி திரையைப் பார்க்கவில்லை. மடியில் பட்டியலை வைத்துக்கொண்டு பென்சிலால் கோடு போட்டுப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஜூன் பத்துலேருந்து பத்தொன்பது வரைக்கும் ஒண்ணும் இல்லையே?"

"நான் சென்னையில இருந்தேன் மேடம். மச்சினன் பையன் கல்யாணம்."

"ஓ. நீங்க இல்லாட்டா இது வராதா?"

"ஒரு வகையில பார்த்தா, கவனிக்க ஒருத்தர் இருந்தாத்தான் நிகழ்வுன்னு நவீன இயற்பியலே..." என்று கோகுல்நாத் எதையோ தொடங்கி, முடிக்க வழி தெரியாமல் நின்றார்.

"ஆகஸ்ட் பதினஞ்சு மட்டும் கார்த்தால ஏழே முக்காலுக்கே வந்திருக்கே?"

"கொடியேத்தம் மேடம். எட்டு மணிக்குக் கொடியேத்தணும். ஒன்பதேகாலுக்கு முடிச்சுட்டுக் கிளம்பிட்டேன்."

"அதுவும் அப்பவே கிளம்பிடுத்து," என்று சொல்லி ஸ்ரீரஞ்சனி கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். சான்றிதழைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி ஒரு தடவை படித்தார்.

பன்னிரண்டு ஐம்பத்துமூன்றுக்குக் கோடு ஒரு படி தாவி ஏறியது.

"வந்துடுச்சு!" கோகுல்நாத் கத்தியே விட்டார். "பாருங்க! ஒன்பது நானோ! நான் சொன்னேனே, சொன்னேனே!" அவர் குச்சியால் திரையைத் தட்டோ தட்டென்று தட்டினார். அறையில் வேறு யாரும் திரையைப் பார்க்கவில்லை. எல்லாரும் ஜன்னலைப் பார்த்தார்கள். புளியமரத்தடியில் வெள்ளை வண்டி நின்றுகொண்டிருந்தது. சூர்யா ஆறு சால்வைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆபீசைப் பார்க்க ஓடிவந்துகொண்டிருந்தான்.

ஸ்ரீரஞ்சனி செல்வமேரி பக்கம் திரும்பினார். "அந்த மரம் எவ்வளவு தூரம்?"

"பதினெட்டு மீட்டர் மேடம். மார்ச்லயே அளந்தேன்."

"எழுதி வெச்சேளா?"

"எழுதினேன் மேடம். அடிச்சுட்டாங்க." பதிவேட்டைத் திறந்து காட்டினாள். சிவப்பு மையில் அடித்திருந்தது, பக்கத்தில் சுருக்கக் கையெழுத்து.

"டிரைவர், சிரமம் பார்க்காம வண்டியை ஒரு தடவை கேட் வரைக்கும் ஓட்டிண்டு போய்த் திரும்பி வாங்கோ," என்றார் ஸ்ரீரஞ்சனி. சூர்யா சால்வைகளை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான். கோடு ஒன்பது இறங்கியது. திரும்பி வந்தான், ஒன்பது ஏறியது. "இன்னொரு தடவை." இறங்கியது, ஏறியது. மூன்றாவது தடவை இறங்கும்போது கோகுல்நாத் குச்சியைச் சுவரோரமாகச் சாய்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். சால்வை போர்த்தும் நிகழ்ச்சி மட்டும், நிரலில் அச்சாகிவிட்டதால், குறித்தபடி நடந்தது.

கமிட்டியின் அறிக்கை இரண்டே பக்கம். இந்நிகழ்வு உண்மையானது, வேண்டும்போதெல்லாம் நிகழக்கூடியது, சுமார் இரண்டு டன் எடையுள்ளது என்று முதல் பத்தி சொன்னது. இதற்கென்று மூன்று மாடி தேவையில்லை, ஒரு கார் ஷெட் போதும், அதுவும் வெளிகேட்டுக்கு அப்பால் என்றது இரண்டாவது பத்தி. இணைக்கப்பட்டுள்ள கையொப்பமிட்ட பட்டியல் துல்லியத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு என்பதால் நிர்வாகப் பிரிவின் உரிய கவனத்துக்கு அனுப்பப்படுகிறது என்று கடைசி வரி. உரிய கவனம் உடனே கிடைத்தது. ஜனவரியில் கோகுல்நாத்தின் கூடுதல் பொறுப்பு பறிபோனது. அரசாங்கம் அவரை அப்படியே விட்டுவிடுமா? டெல்லியில் ஊழியர் நேரந்தவறாமை குறித்த ஆலோசனைக் குழுவில் உறுப்பினராகப் போட்டார்கள்.

செல்வமேரிக்கு அதைப் பற்றிச் சிந்திக்க நேரமில்லை. பட்டியலில் இருந்த நூற்றுப் பன்னிரண்டு தடவையும், அதற்குப் பின் வந்த சில தடவையும், வண்டி எந்த நொடியில் வந்தது, எந்த நொடியில் போனது என்று கையில் இருந்ததால், அந்தந்த நேரத்துக்கு ஒன்பதைக் கழித்துக் கோட்டைச் சுத்தம் செய்தாள். காரணம் என்ற கட்டத்தில் அத்தனை தடவையும் 'வாகனம்' என்று திரும்ப எழுதினாள். கை வலித்தது, மனசுக்கு இதமாக இருந்தது. பிப்ரவரி முடிவில் வெளிநாட்டிலிருந்து ஒரு வரி மின்னஞ்சல் வந்தது: முப்பத்திரண்டாவது வருஷமும் ஏற்கப்பட்டது. அவள் அதை அந்தோணிக்கு ஃபோனில் படித்துக் காட்டும்போது குரல் உடைந்தது. "சரி சரி, அழாத," என்றான் அவன், பின்னால் ஏதோ இரும்பு விழுகிற சத்தத்துக்கு நடுவே.

மார்ச்சில் புதிய இயக்குநர் பட்டாபிராமன் பொறுப்பேற்றார். அவரும் கூடுதல் பொறுப்புதான். அவரிடமும் ஒரு பெரிய வண்டி இருந்தது. முதல் நாள் செல்வமேரி ஸ்கூட்டியை நிறுத்திக்கொண்டிருந்தபோது அந்த வண்டி கேட்டுக்கு வந்து, ரஃபீக் கையை நீட்டும் முன்பே தானாக நின்றது. இவராவது விதியைப் படித்துவிட்டு வந்திருக்கிறாரே என்று அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அவள் வந்ததே அன்றைக்குத் தாமதமாகத்தான், பல் வலிக்கு அரைநாள் லீவு போட்டிருந்தாள். மணி அப்போது பதினொன்று நாற்பது.

"நீங்கதானே செல்வமேரி?" பட்டாபிராமன் இறங்கி அவள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "உங்களைப் பத்தி டெல்லி வரைக்கும் பேசிக்கறா. ஒரு சந்தேகம். வண்டியை இங்க, இந்தக் கேட்லயே நிறுத்தினாலும்... நான் எப்ப வந்தேன்னு அந்த மெஷினுக்குத் தெரியுமோ?"

அவர் கவலை கோட்டைப் பற்றியதில்லை, கண் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. செல்வமேரி கேட்டிலிருந்து காந்தவீடுவரை ஒரு தடவை பார்த்தாள். இவ்வளவு தூரத்தில் பத்து லாரியை வரிசையாக நிறுத்தினாலும் அந்தக் கருவிக்கு ஒரு மண்ணும் தெரியாது. அது அவளுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் வாயிலிருந்தோ பேனாவிலிருந்தோ ஒரு பொய் அளவு வந்ததில்லை.

"தெரியும் சார்," என்றாள். "செகண்ட் சுத்தமா தெரியும்."

ரஃபீக் சட்டென்று கேட்டுத் தூணுக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மறுநாள் காலை ஒன்பது இருபதுக்குப் பட்டாபிராமன் வண்டியைக் கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டு, நானூறு மீட்டரும் மூச்சு வாங்க நடந்து ஆபீசுக்கு வந்தார். புளியமரத்தடியில் வெறும் நிழல் மட்டும் கிடந்தது. கோடு தன்பாட்டுக்கு ஏறி, உச்சிப்பொழுதில் மேடு கட்டி, சாயங்காலம் இறங்கியது. செல்வமேரி பதிவேட்டை எடுத்து, தொந்தரவு என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினாள். அதுவாவது உண்மை.